சுருக்குக்கு அளவில்லை

மாமி செத்து நாலைந்து வருஷம் ஆகியும் எங்கள் வீட்டுக் காஸ் சிலிண்டர் பாவாடை கட்டிக்கொண்டுதான் நிற்கிறது. நீலப் பூப்போட்ட பாவாடை. இடுப்பில் வரிவரியாகச் சுருக்கு, கீழே ஓரத்தில் தொங்குகிற மடிப்புத் துணி, பிறில். சிலிண்டர் கொண்டு வருகிற ஆள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தயங்கி, "அக்கா, உடுப்பக் கழட்டட்டா?" என்று என் மனைவியிடம் கேட்கிறார். அதை எடுத்து எறிய எனக்குக் கை வருவதில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் நிற்கவில்லை.

மாமி என்றால் என் மனைவியின் தாய். நான் எழுவான்கரைக்காரன், வாவிக்குக் கிழக்குப் பக்கம். வாவியைத் தாண்டிப் பழுகாமத்தில் கலியாணம் செய்தேன். எங்கள் பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். பெரிய வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மாமியும் மாமாவும் இளைய மகளோடு அதே வளவின் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்குப் போனார்கள். போனது ஆட்கள் மட்டும்தான். தையல் மெசின் பெரிய வீட்டு விறாந்தையிலேயே நின்றது. அங்கேதான் வெளிச்சமாம். விடிந்தால் கடகடவென்று தொடங்கிவிடும்.

வேறு தையல்காரர்கள் சட்டை தைப்பார்கள், பிளவுஸ் தைப்பார்கள். மாமி தைத்தது சுருக்கு. சட்டையும் பிளவுஸும் அதற்கு ஒரு சாட்டு. பொபினில் இலாஸ்டிக் நூலைக் கையால் தளர்வாகச் சுற்றுவார். மேலே சாதாரண நூல். தையலைப் பெரிதாக்கி, வரிக்குப் பக்கத்தில் வரியாக ஓட்டுவார். மெசினை விட்டு வெளியே வரும்போதே துணி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு சுருங்கும். மேலே தண்ணீர் தெளித்துச் சூடான அயன்பெட்டியைப் பிடித்தால் இன்னும் இறுகும். மூன்று முழத் துணியைப் போட்டால் ஒரு முழம் வரும். மிச்ச இரண்டு முழம் எங்கே போனது என்று நான் கேட்டால், "உள்ளுக்கதான் இரிக்கி" என்பார்.

என்னிடம் சொல்லமாட்டார். மருமகனோடு நேரே பேசுவது அவருக்கு வெட்கம். மனைவி நின்றால் மனைவியிடம் சொல்வார். மனைவி இல்லாவிட்டால் முற்றத்தில் மேயும் கோழியிடம் சொல்வார். "மருமகன் சாப்பிடல்லப் போல" என்று கோழியைப் பார்த்துச் சொல்லுவார். நான் போய்ச் சாப்பிடுவேன்.

எங்கள் வீட்டில் வெறுந்துணி என்று ஒன்று கிடையாது. தலையணை உறைக்குச் சுருக்கு. ரைஸ் குக்கருக்கு மூடி, அதற்குச் சுருக்கு. திரைச்சீலைகளில் ஒரு யன்னலுக்கு மூன்று யன்னலின் துணி தொங்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மேற்கே வயல் பக்கமிருந்து வருகிற காற்று அந்தச் சுருக்குகளுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். வீட்டுக்குள் நாங்கள் வேர்த்துக்கொண்டு இருப்போம். ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஒரு சீலையைக் கழற்றி மடித்து வைத்தேன். பின்னேரம் கந்தோரில் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அது மறுபடியும் தொங்குகிறது. மேலதிகமாக ஒரு பிறில்.

"வெறும் யன்னல் கண்ணுக்க குத்துதாம்" என்றாள் மனைவி.

"ஆருக்கு?"

"அம்மாக்கு."

"அம்மா இருக்கிறது பின்வீட்டில."

"அங்க இருந்து பாத்தாலும் குத்துமாம்."

காத்தான்குடியில் துணி வாங்குகிற கடை நானாவுக்கு மட்டும் மாமியைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. என்னைக் கண்டால் நாற்காலி எடுத்துப் போடுவார். "மாமியார சுகமா வச்சிக்கங்க தம்பி" என்று சொல்லி, இன்னும் ஒரு சுருளை விரிப்பார். அவருக்கென்ன.

மோட்டார் சைக்கிள் சீற்றுக்கும் ஒரு கவர் வந்தது. வெயிலில் சூடேறாமல் இருக்கவாம். சிவப்புத் துணி, சுற்றிவர இலாஸ்டிக் சுருக்கு, இரண்டு பக்கமும் பிறில் காற்றில் அடித்துக்கொண்டு வரும். நான் கந்தோர் வாசலில் இறங்கும்போது, "மாப்பிள்ள ஊர்வலம் வருது" என்பார்கள். மாமாவின் நிலைமை இன்னும் மோசம். அவருடைய வயல் வட்டையில் நட்டிருந்த வெருளிக்கு மாமி பழைய சட்டை ஒன்று கொடுத்தார். தோளில் சுருக்கு, மணிக்கட்டில் சுருக்கு, நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பிய கைகள். வெருளியைக் கண்டு பயப்பட வேண்டிய குருவிகள் அந்தக் கைகளுக்குள் குடியிருந்தன. மாமா நல்ல மனிதர். ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வயல்காரரின் வெருளியை நம்பியிருந்தார்.

ஆனால் சாரம் விஷயத்தை நான் மன்னிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் விரைவாக என்பதற்குச் "சுறுக்கா" என்று சொல்வோம். எழுதினால் வல்லின றகரம். வாயில் வரும்போது அதற்கும் சுருக்குக்கும் வித்தியாசம் பிடிக்கப் பண்டிதர்தான் வர வேண்டும். கலியாணம் முடிந்த புதிது. இடுப்பில் கட்டுகிற புதுச் சாரம் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டினால்தான் உடுக்கலாம். "மாமிட்டக் குடுத்து சுறுக்கா மூட்டித் தரச் சொல்லு, குளிச்சிட்டு வாறன்" என்று மனைவியிடம் கொடுத்தேன். மனைவி விறாந்தைக்குப் போய், "அம்மா, இதச் சுறுக்கா மூட்டித் தரட்டாம் அவர்" என்று சொன்னது கிணற்றடி வரைக்கும் எனக்குக் கேட்டது.

குளித்துவிட்டு வந்தால் சாரம் கொடியில் தொங்குகிறது. மூட்டியிருந்தது. இடுப்பைச் சுற்றி வரிவரியாக இலாஸ்டிக் சுருக்கும் வைத்திருந்தது. மற்றச் சாரமெல்லாம் ஈரம். வேறு வழியில்லாமல் உடுத்தேன். கையால் பிடிக்காமலே இடுப்பில் நின்றது, அதை நான் மறுக்கவில்லை. கீழே குடை மாதிரி விரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கந்தோர் நண்பர் ஒருவர் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அடுத்த நாளிலிருந்து நான் அங்கே "பாவாடை ஐயா". மனைவி குசினிக்குள் போய்ச் சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மாமி கோழியிடம் முறைப்பட்டார்.

"சுருக்கா எண்டுதானே சொன்னாங்க. மறுகா என்னத்துக்குக் கோவம்?"

உண்மையிலேயே பிழையாக விளங்கியதா, விளங்காததுபோல் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு எங்கள் வளவில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அவசரம் என்றால் "கெதியா" என்போம்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று மனைவி ஒருநாள் சொன்னாள். தொடங்கியது அவளுடைய தங்கையின் இடது கையில்.

தங்கை, அதாவது என் மச்சாள், பிறக்கும்போது நரம்பு இழுபட்டுவிட்டதாம். இடது கை வளரவில்லை. மெலிந்து, முழங்கையில் கொஞ்சம் மடங்கி, உடம்போடு ஒட்டி நிற்கும். அவ்வளவுதான். மற்றபடி அவளைப்போல் சுறுசுறுப்பான ஆளைப் பழுகாமத்தில் காண்பது கஷ்டம். பாமசி ஒன்றில் வேலை செய்தாள். மாத்திரை அட்டையை மேசை விளிம்பில் அழுத்தி ஒற்றைக் கையால் வெட்டுவாள். மருந்து வாங்க வருகிறவர்களை அதட்டுவாள். என்னையும் அதட்டுவாள்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது மாமி அவளுடைய வெள்ளைச் சட்டையின் இரண்டு கைகளுக்கும் சுருக்கு வைத்தார். உள்ளே கை பெரிதா சிறிதா என்று தெரியாத மாதிரி உப்பின கைகள். பிறகு, இவள் மட்டும் அப்படிப் போட்டால் எல்லாரும் பார்ப்பார்களே என்று யோசித்திருக்கிறார். வகுப்புப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வந்து, கூலி வாங்காமல் எல்லாருக்கும் அதே கை வைத்துத் தைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கேட்டார்களாம், இது என்ன உடுப்பு என்று. "எல்லாப் புள்ளையளும் ஒரே மாதிரி இரிந்தா ஆர் இவளப் பாப்பாங்க?" என்று மாமி கேட்டாராம். பிறகு அக்காவின் சட்டைக்கு வந்தது. பிறகு தலையணை, திரைச்சீலை. வீடு முழுக்கச் சுருக்கு இருந்தால் ஒரு கையில் இருப்பது யாருக்கும் தெரியாதல்லவா. ஒரு கையை மறைக்க ஊரையே சுருக்கின மனுசி அவர்.

கேட்டபோது எனக்கு மாமி மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மச்சாளை நினைத்துத்தான் ஆத்திரம் வந்தது. வைகாசி வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் மூடிய சட்டையோடு அவள் பாமசிக்குப் போய் வருவதை நான் தினமும் பார்க்கிறவன். வேர்க்குரு கழுத்துவரை ஏறியிருக்கும். "ஒரு கட்டக் கைச் சட்ட போடன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மா அழுவா அத்தான். எனக்கு வேர்வையோட இருக்கலாம், அவட அழுகையோட இருக்கேலாது" என்றாள்.

பாமசிக்கு மருந்துப் பெட்டி கொண்டு வருகிற ஒரு பிள்ளை இருந்தான். உன்னிச்சைப் பக்கத்து ஆள். பெட்டி இறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட நெடுநேரம் அவன் அங்கே நிற்பதைப் பழுகாமமே கவனித்த பிறகு, கடைசியாக எங்களுக்கும் தெரிய வந்தது. இரண்டு பேருக்கும் விருப்பம். கையைப் பற்றி அவனுக்குத் தெரியும். கடையில் வேலை மும்முரத்தில் மச்சாள் சட்டைக் கையை மேலே தள்ளிவிடுவாள். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறான். தாயிடமும் சொல்லியிருந்தான், பெண்ணுக்கு ஒரு கை மெலிவு என்று. தாய் வந்து பார்க்கிறேன் என்றார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மாமி புது பிளவுஸ் தைக்க உட்கார்ந்தார்.

நான் மனைவியிடம் சொன்னேன். மனைவி தாயிடம் சொன்னாள். பொடியனுக்குத் தெரியும், தாய்க்கும் தெரியும், இனி மறைக்க என்ன இருக்கிறது, சாதாரணமாகத் தையுங்கள் என்று. மாமி மெசினை நிறுத்தவே இல்லை. "தெரிஞ்சா என்ன, பாக்க வேணுமா?" என்றார். குங்குமச் சிவப்புப் பட்டு. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சுருக்கு. அதன் கீழே விரல்களையும் மூடுகிற மாதிரி ஒரு பிறில். போதாததற்குச் சேலைத் தலைப்பையும் இடது பக்கமாக இழுத்து ஊசி குத்தினார்.

பொடியனின் அம்மா வந்து உட்கார்ந்தார். வயல் வேலை செய்து உரமேறிய உடம்பு, மெல்லிய குரல். மச்சாள் தேத்தண்ணித் தட்டை ஏந்தி வந்தாள். வழக்கமாக வலது கையில் தட்டை வைத்து, இடது மணிக்கட்டால் முட்டுக்கொடுத்து அழகாகக் கொண்டு வருவாள். அன்றைக்கு அந்தப் பிறில் போய் ஒரு கோப்பைக்குள் விழுந்தது. அவள் குனிந்து அதை எடுக்கப் போக, மாமி பாய்ந்து வந்து அவளுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் நின்று, நனைந்த கையைச் சேலையால் மூடி, மகளைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனார். ஏதோ நெருப்புப் பிடித்த மாதிரி. அந்த அம்மா கோப்பையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சுற்றித் தொங்கின திரைச்சீலைகளைப் பார்த்தார். வடையைச் சாப்பிட்டு முடித்து, "சொல்லி அனுப்புறம்" என்று எழும்பினார்.

சொல்லி அனுப்பவில்லை. பொடியன்தான் மச்சாளுக்குப் போன் எடுத்தான். தாய் பிடிவாதமாக நிற்கிறாராம். மச்சாள் போனை ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்க வைத்தாள். அவனுடைய குரல் தேய்ந்து போயிருந்தது.

"நான் எத்தனயோ சொல்லிப் பாத்திட்டன். கை மெலிவு, வேற ஒண்டும் இல்ல, என்ட கண்ணால கண்டன் எண்டு. அம்மா கேக்கிறாவில்ல. சூம்பின கைக்கு இவ்வளவு துணி என்னத்துக்கெண்டு கேக்கிறா. தாய்க்காரி அந்தப் பாய்ச்சல் பாயிறாவெண்டா உள்ளுக்க வேற என்னவோ இரிக்கி எண்டிறா. ஏதோ தோல் வருத்தமாம். உனக்கு அவளுகள் காட்டினது பாதிதான் எண்டிறா. மூடாமக் காட்டினா இன்னொருக்கா வந்து பாக்கிறாவாம்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு மெசினைத் தூக்கி வாவிக்குள் போட வேண்டும் போல் இருந்தது. நியாயம் அந்த அம்மா பக்கம்தான். அவ்வளவு பெரிய மூட்டைக்குள் அவ்வளவு சின்ன விஷயம் இருக்கும் என்று யார் நம்புவார்கள்?

மச்சாள் போனை வைத்துவிட்டு நேரே விறாந்தைக்குப் போனாள்.

"அம்மா, அந்த மனிசி ஒருக்கா வந்து என்ட கையப் பாக்க வேணுமாம். மூடாமப் பாக்க வேணுமாம்."

"அவக்கு விசர்."

"அவக்கு விசர் இல்ல. உங்கட சுருக்காலதான் என்ட கலியாணம் நிக்கிது."

மெசின் நின்றது. யார் பேசியும் அது நின்று நான் கண்டதில்லை. மாமி கேட்டார், இப்போது என்ன செய்யச் சொல்கிறாய் என்று.

"கட்டக் கை வச்சு ஒரு பிளவுஸ். சுருக்கில்லாம."

"காத்தான்குடியில ரெடிமேட் கிடக்கும், நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று நான் நடுவில் சொன்னேன்.

"வேணாம் அத்தான்" என்றாள் மச்சாள். "அம்மாதான் தைக்கணும். அளந்து தைக்கணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் கேட்டது பிளவுஸ் இல்லை என்று. மாமி எல்லாருக்கும் அளவு எடுப்பார். நாடா போட்டு, விரல் விட்டு, சுண்ணக்கட்டியால் குறி போட்டு ஒழுங்காகத்தான் வெட்டுவார். இந்த மகளுக்கு மட்டும் வலது கையை அளந்து அதே அளவில் இரண்டு கைகளையும் வெட்டிச் சுருக்கு வைத்துவிடுவார். சுருக்குக்குள் எந்தக் கையும் சேரும். பெற்ற நாளிலிருந்து குளிப்பாட்டியவர், தலைமுடி வாரி இழுத்துவிட்டவர், காய்ச்சலில் மடியில் வைத்திருந்தவர், அந்த இடது கையில் ஒருநாளும் நாடா வைத்ததில்லை.

பிறகு நடந்ததுதான் என் பொறுமைக்குச் சோதனை. முதலில் மெசின் பட்டி அறுந்துவிட்டது என்றார். பட்டி வாங்கி வந்தேன். ஊசி முறிந்தது. ஊசியும் வாங்கி வந்தேன். வெளிச்சம் போதாது என்றார். பல்ப் மாற்றினேன். இதற்கிடையில் யாருக்கென்று தெரியாத தலையணை உறைகளுக்குச் சுருக்கு வைத்துக்கொண்டிருந்தார். உன்னிச்சை அம்மா வருவதாகச் சொன்ன கிழமை நெருங்கியது. இந்த முறையும் மூட்டையைக் கண்டால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். மச்சாள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கடைசியில் எனக்கே பொறுக்க முடியாமல் போய் முற்றத்தில் நின்று, வேறு யாரிடம் சொல்ல, கோழியிடம்தான் கத்தினேன்.

"ஒரு மனுசி பெத்த புள்ளட கைய அளக்கப் பயந்து அந்தப் புள்ளட வாழ்க்கையக் கெடுக்கப் போறா!"

கோழி ஓடியது.

அடுத்த நாள் மத்தியானம் நான் லீவு. மச்சாள் வேலையால் வந்து, முகம் கழுவி, மாமிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். சட்டையின் இடது கையைத் தோள் வரைக்கும் சுருட்டி மேலே ஏற்றினாள்.

மாமி நாடாவை எடுத்தார். முதலில் முதுகை அளந்தார், அது அவருக்குத் தெரிந்த அளவு. கழுத்தை அளந்தார், அதுவும் தெரிந்தது. வலது கையை அளந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், இன்னும் எதை அளக்கப் போகிறாரோ என்று. மெசினுக்கு எண்ணெய் விடுகிற பாவனையில் ஒருதரம் எழும்பினார். மனைவி அவருடைய தோளைப் பிடித்து மறுபடியும் இருத்தினாள். எல்லாவற்றுக்கும் பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பினார்.

நாடாவை மேல்கையில் சுற்றினார். இரண்டு முனையும் சந்தித்த இடத்தில் பெருவிரலை வைத்தார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நம்பாதவர் போல நாடாவைத் தளர்த்தி, மறுபடியும் சுற்றி, மறுபடியும் பார்த்தார். முழங்கை மடிப்பில் விரல் வைத்து அங்கேயும் ஒருதரம். மணிக்கட்டில் ஒருதரம். அப்போதும் எனக்குக் கோபம் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மாமி நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா புள்ள?"

"இவ்வளவுதான் அம்மா. எப்பவும் இவ்வளவுதான்."